குடல் ஒட்டுண்ணிகள் நம்மைப் பிடிப்பது எதனால்? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியிலும் ஏறாவூரிலும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு விதமாகக் கேட்கிறார்கள். படுவான்கரையிலிருந்து வரும் தாய்மாரும் வயல்காரரும் வேறு விதமாகக் கேட்கிறார்கள். ஆனால் பதில் அநேகமாக ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: குடலுக்குள் வந்த உயிரியின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் எது, அது நம்முடைய எந்தப் பகுதியைப் பிடிக்கிறது? ஆய்வுகூடத்தில் ஒட்டுண்ணிப் பரிசோதனை செய்கிறவன் என்ற முறையில் என்னிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அமீபாவுக்குக் கொஞ்சம் அதிக இடம் போய்விட்டது. அதன் மேற்பரப்பைப் பற்றித்தான் நிறையக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது செய்யும் அட்டகாசமும் அப்படி.

மேற்பரப்புப் புரதம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எந்தக் கலத்துக்கும் வெளியே கொழுப்பாலான மெல்லிய மென்சவ்வு உண்டு. அதில் புரதங்கள் பதிந்து கிடக்கும். சில குறுக்கே ஊடுருவி நிற்கும், சில வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். குடலில் பிழைக்க வேண்டிய உயிரிக்கு இந்த வெளிப்புரதங்களால் ஆகவேண்டிய காரியங்கள் பல. மலத்தோடு அடித்துப் போகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பித்தத்தையும் செரிமான நொதியங்களையும் தாங்க வேண்டும். கிருமிகளைப் பிடிக்க நம் உடல் செய்யும் புரதங்களான பிறபொருளெதிரிகளின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். உள்ளே நுழையும் இனமாக இருந்தால் வழியும் திறக்க வேண்டும். சில இனங்களில் ஒரே புரதம் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது.

அமீபா குடலில் எப்படி ஒட்டுகிறது?

சீதபேதி தரும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிக்கா, சிஸ்ட் என்ற கூட்டுப் பருவத்தில் வாய் வழியாக உள்ளே போகிறது. கிணற்றுத் தண்ணீர், கழுவாத வல்லாரை, மலசலகூடம் போய்விட்டுச் சவர்க்காரம் போடாத கை என்று எதுவும் வழியாகலாம். சிஸ்டின் அளவு 10 முதல் 15 மைக்ரோமீற்றர், முற்றியதில் 4 கரு. சிறுகுடலில் கூடு உடைகிறது. வெளிவந்த அமீபாக்கள் பெருங்குடலுக்கு இறங்கிக் குடியேறுகின்றன.

அங்கே குடற்சுவரை அவை உடனே தொட முடியாது. நடுவில் சளிப்படலம் இருக்கிறது. இதன் முக்கியப் பொருள் மியூசின்-2 என்ற பெரிய புரதம். அதன் உடம்பெல்லாம் வெல்லச் சங்கிலிகள் தொங்கும். அந்தச் சங்கிலிகளின் நுனியில் கலக்டோசும், அதன் உறவான என்-அசெட்டைல் கலக்டோசமினும் இருக்கும். அமீபாவின் மேற்பரப்பில் இந்த இரண்டு வெல்லங்களையும் அடையாளம் கண்டு பிடிக்கும் புரதம் ஒன்று உண்டு. வெல்லங்களைப் பிடிக்கும் புரதங்களுக்குப் பொதுப்பெயர் லெக்டின். அமீபாவின் லெக்டின் 260 கிலோடால்டன் எடையுள்ளது. மென்சவ்வை ஊடுருவி நிற்கும் 170 கிலோடால்டன் பகுதி ஒன்று. அதனோடு கந்தகப் பிணைப்பால் கட்டுண்ட 31 அல்லது 35 கிலோடால்டன் பகுதி ஒன்று. பக்கத்திலே துணையாக 150 கிலோடால்டன் புரதம் ஒன்றும் நிற்கிறது. வெல்லத்தைப் பிடிக்கும் இடம் பாரமான 170இல் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, அவ்வளவு எளிமையானது. அமெரிக்காவில் ரவ்டினும் குவெரண்டும் 1981இல் வெளியிட்டார்கள். வளர்ப்புத் தட்டில் அமீபாவும் விலங்குக் கலங்களும் ஒன்றாக இருந்தால் அமீபா ஒட்டிக்கொண்டு கலங்களைக் கொல்லும். அதே தட்டில் கலக்டோசுக் கரைசல் விட்டால் லெக்டினின் பிடிக்குமிடம் வெல்லத்தால் நிறைந்துவிடும். அமீபா ஒட்டாது. ஒட்டாத அமீபா பக்கத்திலேயே கிடந்தாலும் கலம் சாவதில்லை. நுனி வெல்லங்கள் இல்லாத மாற்றக் கலங்களை வைத்துப் பிறகு பார்த்தபோதும் இதே கதைதான். ஆகவே நஞ்சைக் கக்கித் தூரத்திலிருந்து கொல்கிற உயிரி இல்லை இது, தொட்டால்தான் கொல்லும்.

அப்படியென்றால் அமீபா இருக்கிற எல்லோருக்கும் சீதபேதி வரவேண்டுமே?

வருவதில்லை. ஏறத்தாழ 10 பேரில் 9 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே இருந்துவிட்டுப் போகிறது. ஏன் என்பதற்கும் அதே லெக்டினில்தான் பதில் இருக்கிறது.

லெக்டின் சளிப்படலத்து மியூசினைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அமீபா அங்கேயே பாக்டீரியாவைத் தின்றுகொண்டு இருக்கும். நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால் மியூசின் நம் கலங்களுக்குப் பதிலாகத் தன்னைப் பிடிகொடுத்து நிற்கிறது. படலம் மெலிந்தால் அல்லது அமீபா அதை அறுத்துவிட்டால் அதே கை அடுத்ததாகப் பிடிப்பது குடற்சுவர்க் கலத்தின் வெல்லத்தை. அப்போதுதான் நோய். அறுப்பதற்கு அமீபாவிடம் சிஸ்டீன் புரோட்டியேசு என்ற நொதியங்கள் உண்டு. அவற்றில் ஐந்தாம் எண் நொதியம் மியூசின்-2ஐ வெட்டுவது நன்றாகத் தெரிந்த விஷயம்.

புரதம் மாறவில்லை, அது பிடிக்கும் பொருள்தான் மாறுகிறது. "கிருமி இருக்கிறது" என்பதும் "நோய் இருக்கிறது" என்பதும் வேறுவேறு என்று நான் தலைகீழாக நின்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரே கிணற்றில் குடிக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. டாக்காவின் மிர்பூர் பகுதிப் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஓர்மோனின் வாங்கியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்த பிள்ளைகளுக்கு அமீபாத் தொற்று கிட்டத்தட்ட 4 மடங்கு கூடுதலாக வந்தது. ஊட்டம் குறைந்த பிள்ளைகளும் எளிதில் பிடிபடுகிறார்கள்.

கலக்டோசு பாலில் இருக்கிறதுதானே? தயிரும் பாலும் நிறையச் சாப்பிட்டால் அந்த லெக்டின் அடைபட்டுவிடாதா?

உயர்தரப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வி. கெட்டிக்காரக் கேள்வி, ஆனால் பதில் இல்லை என்பதுதான். பால் வெல்லமான லக்டோசு, குளுக்கோசாகவும் கலக்டோசாகவும் பிரிவது சிறுகுடலில். பிரிந்த கையோடு அது குருதிக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். அமீபா இருப்பதோ பெருங்குடலில். தட்டில் ஊற்றிய செறிவில் கலக்டோசு அங்கே போய்ச் சேராது.

அதோடு, வயிற்றோட்டம் வந்து சிறுகுடலின் உட்பரப்பு அடிபட்டிருந்தால் லக்டோசைப் பிரிக்கும் நொதியமே சில வாரங்களுக்குக் குறைந்துவிடும். ஜியார்டியா என்ற சிறுகுடல் ஒட்டுண்ணி வந்துபோன பிறகு இது சகஜம். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பசும்பாலை வற்புறுத்திக் கொடுத்தால் வயிறு ஊதி, ஓட்டமும் கூடும். தயிரில் லக்டோசின் ஒரு பங்கை ஏற்கெனவே பாக்டீரியா தின்றுவிட்டிருப்பதால் அது பாலைவிடத் தாங்கும். எங்கள் எருமைத் தயிரை மருந்தென்று சாப்பிட வேண்டாம்; ருசிக்குச் சாப்பிடுங்கள்.

தாய்ப்பால் வேறு விஷயம். அதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலில் உள்ள கொழுப்பு உடைந்து வரும் கொழுப்பமிலங்கள் ஜியார்டியாவைக் கொல்லும் என்பதை 1980களிலேயே காட்டிவிட்டார்கள்.

அமீபா நம் கலங்களை உயிரோடு கடித்துத் தின்கிறது என்று வாசித்தேன். மெய்யா?

மெய்தான். 2014இல் கத்தரின் ரால்ஸ்டனும் வில்லியம் பெற்றியும் அவர்களுடைய குழுவினரும் நேரடியாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். அதுவரை எல்லோரும் நினைத்தது, அமீபா முதலில் கலத்தைக் கொன்று, பிறகு பிணத்தை விழுங்குகிறது என்று. உண்மையில் லெக்டினால் பிடித்த பிறகு, உயிரோடு இருக்கும் கலத்திலிருந்து துண்டு துண்டாகப் பிய்த்து எடுக்கிறது. போதிய அளவு பிய்ந்ததும் கலத்துக்குள் கல்சியம் ஏறி, கலம் சாகிறது. செத்த கலத்தை விட்டுவிட்டு அடுத்ததிடம் போய்விடுகிறது. சாப்பாட்டுக்காக மட்டும் செய்கிற வேலையாக இது தெரியவில்லை.

2019இல் வந்த தகவல் இன்னும் விசேஷம். கடித்தெடுத்த மனித மென்சவ்வின் புரதங்களை அமீபா தன் மேற்பரப்பிலேயே விரித்துக்கொள்கிறது. நம் குருதியில், அந்நிய உயிரியின் சுவரில் துளைபோடும் நிரப்புப் புரதங்கள் என்ற கூட்டம் ஒன்று உண்டு. மனிதப் புரதத்தைப் போர்த்திய அமீபாவை அவை முன்போலத் தாக்குவதில்லை. இதைத் தவிர, அமீபாவின் சொந்த லெக்டினிலேயே ஒரு பகுதி, நம் கலங்கள் தங்களைக் காக்க வைத்திருக்கும் சீடி59 என்ற புரதத்தைப் போன்றது. துளை முழுமையாகாமல் அதுவும் தடுக்கிறது.

பிறபொருளெதிரி வந்து ஒட்டினாலும் அமீபாவுக்கு வழி உண்டு. ஒட்டியதையெல்லாம் உடம்பின் பின்பக்கத்துக்குத் தள்ளிக் குவித்து, அந்தக் குவியலைக் கழற்றி விட்டுவிடும்.

ஈரலில் சீழ்க்கட்டி வருவதும் இதே அமீபாவாலா?

ஆம். குடற்சுவரைத் துளைத்த அமீபா, குடலின் இரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் வாயில் நாளம் வழியாக ஈரலுக்குப் போகிறது. நடுவழியில் நிரப்புப் புரதங்களிடமிருந்து தப்பும் வித்தையைத்தான் மேலே சொன்னேன். ஊசி போட்டு எடுத்தால் அந்தச் சீழ் செம்பழுப்பாக, சாக்லேட் குழம்பு மாதிரி வரும். அதில் வாடையும் இருக்காது, பெரும்பாலும் பாக்டீரியாவும் இருக்காது. கரைந்துபோன ஈரல்தான் அது. ஆண்களிடம்தான் இது மிக அதிகம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்த ஆய்வுகளில் நோயாளிகள் பெரும்பாலும் கள் குடிக்கும் ஆண்கள். மட்டக்களப்புக்காரர் இதை யாழ்ப்பாணத்து நோய் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இங்கும் கள் இறங்குகிறது. வலது விலாவுக்குக் கீழே நோவு, காய்ச்சல், குளிர் என்றால் வயிற்றோட்டம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பலருக்கு அந்த நேரத்தில் வயிற்றோட்டமே இருப்பதில்லை.

மலப் பரிசோதனை முடிவில் "ஹிஸ்டோலிட்டிக்கா அல்லது டிஸ்பார்" என்று எழுதியிருக்கிறது. இரண்டில் எது என்று சொல்ல முடியாதா?

நுணுக்குக்காட்டியால் மட்டும் முடியாது. இரண்டின் சிஸ்டும் ஒரே மாதிரி, அதே 4 கரு. ஹிஸ்டோலிட்டிக்கா நோய் தரும், டிஸ்பார் தராது. இப்படி இரண்டு இனம் இருக்கவேண்டும் என்று பிரெஞ்சுக்காரரான எமில் புரும்ப்ற் 1925இலேயே சொன்னார், அநேகர் ஏற்கவில்லை. 1993இல்தான் இரண்டும் தனித்தனி இனம் என்று முறையாகப் பிரித்தார்கள். கிட்டத்தட்ட 70 வருடம்! அந்த இடைக்காலத்தில் டிஸ்பார் மட்டுமே இருந்த எத்தனை பேர் தேவையில்லாமல் மருந்து குடித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. சூடு ஆறாத, சளியும் இரத்தமும் கலந்த மலத்தில் ஒரு துளியை உப்புநீரில் கலந்து பார்த்தால், கண்ணாடிபோலத் தெளிந்த போலிக்கால் ஒன்று சட்டென்று நீளும். உள்ளே இருக்கும் மணிமணியான பொருள் அதற்குள் வழிந்து ஓடும். அமீபா அந்தத் திசைக்கு நகரும். அதன் வயிற்றுக்குள் மங்கிய மஞ்சள்பச்சையில் வட்ட வட்டமாக நம் செங்குருதிக்கலங்கள் தெரிந்தால், அது ஹிஸ்டோலிட்டிக்காதான் என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம்.

மற்ற வேளைகளில் பிறபொருளெதிரியாக்கிப் பரிசோதனை வேண்டும். அதில் தேடப்படுவது என்ன தெரியுமா? அதே லெக்டின். ஹிஸ்டோலிட்டிக்காவின் லெக்டினை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியைத் தட்டில் பூசி வைத்திருப்பார்கள். நம்மைப் பிடிக்க அது வைத்திருக்கும் கையைக்கொண்டே அதைக் காட்டிக்கொடுக்கிறோம். டி.என்.ஏ. பரிசோதனையும் உண்டு, எல்லா இடத்திலும் கிடைக்காது.

பிள்ளைக்கு ஜியார்டியா என்றார்கள். மருந்து கொடுத்துச் சுகமாகி, திரும்பவும் வருகிறதே?

இதில் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தண்ணீரும் கையும் பழையபடியே இருப்பதால் புதிதாகத் தொற்றுகிறது. 10 சிஸ்ட் உள்ளே போனாலே போதும் என்பதை 1954இல் தன்னார்வலரை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். மற்றக் காரணம் ஜியார்டியாவின் மேற்பரப்பில் இருக்கிறது.

அமீபாவைப் போல ஜியார்டியா குடற்சுவருக்குள் நுழைவதில்லை. பேரிக்காய் வடிவம், இரண்டு கரு, 8 சவுக்குமுளை. வயிற்றுப் பக்கத்தில் இருக்கும் தட்டால் சிறுகுடற் கலத்தின் மேல் அழுந்தி ஒட்டுகிறது. கழன்றால் மறுபடி ஒட்டுகிறது. அதன் பரப்பு ஒரே வகைப் புரதத்தால் மூடியிருக்கும். இதற்குப் பெயர் மாறுபடும் மேற்பரப்புப் புரதம். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இதில் ஏராளம். அதனால் முறுக்கிக் கட்டிய மாதிரி இறுகி நிற்கிறது, பித்தமும், டிரிப்சின் என்ற செரிமான நொதியமும் அதை லேசில் கரைக்காது.

ஜியார்டியாவிடம் இந்தப் புரதத்துக்கான பரம்பரையலகுகள் ஏறக்குறைய 200 இருக்கின்றன. ஆனால் ஒரு நேரத்தில் வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. நம் உடல் அந்த ஒன்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரி செய்து முடிக்கும் நேரத்தில் சில ஜியார்டியாக்கள் வேறொன்றைப் போட்டுக்கொண்டிருக்கும். கோயில் திருவிழாவில் களவெடுத்தவன் நீலச் சட்டை போட்டிருந்தான் என்று ஊரெல்லாம் நீலச் சட்டையைத் தேட, அவன் வெள்ளைச் சட்டையோடு கச்சான் வாங்கிக்கொண்டு நிற்பது போல. ஆர்ஜென்ரீனாவின் கோர்டோபா நகரத்தில் ஊகோ லுகான் குழுவினர் இது நடக்கும் விதத்தை 2008இல் கண்டார்கள்: எல்லாப் பரம்பரையலகுகளிலிருந்தும் ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கப்படுகிறது, ஆனால் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் ஜியார்டியா தானே வெட்டி அழித்துவிடுகிறது.

நாற்றமெடுத்த, எண்ணெய் மிதக்கும் மலம், கெட்ட ஏப்பம், எடை குறைதல் என்று வாரக்கணக்கில் இழுத்தால் வைத்தியரிடம் மறுபடி காட்டுங்கள். வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 1681இல் லேவன்ஹூக் தன் சொந்த மலத்தை ஆடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது கண்டதாகச் சொல்லப்படுவது இந்த ஜியார்டியாவைத்தான். ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். இனி அப்படியே குடிக்கலாமா?

குளோரின் போடுவது நல்லது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா சொன்னபடி போடுங்கள். கொலராவையும் நெருப்புக்காய்ச்சல் கிருமியையும் அது கொல்லும். ஆனால் சிஸ்டுகள் வேறு சாதி. அமீபாவின் கூடு கைட்டினால் ஆனது, இறால் கோதில் இருக்கும் அதே பொருள். அந்த இழைகளை லெக்டின் புரதங்கள் ஒன்றோடொன்று கோர்த்துக் கட்டுகின்றன. ஜியார்டியாவின் கூட்டில் கலக்டோசமின் வெல்ல இழையும் அதற்கென்ற சுவர்ப் புரதங்களும். கிணற்றுக்குப் போடும் சாதாரண அளவு இவற்றை முழுதாக அழிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அடுத்த கேள்வியில் வரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் குளோரின் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை.

கொதிக்கவைத்தால் மூன்றும் சாகும். தண்ணீர் தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும்.

எழுவான்கரையின் மணல் நிலத்துக்கு இன்னொரு சங்கடம். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், மணல் எதையும் தடுத்து வைக்காது, வளவு சின்னது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி தூரம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. நெருக்கமாக வீடுள்ள இடங்களில் அடுத்த வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள். மாரியில் நீர்மட்டம் ஏறி இரண்டும் ஒன்றாகிவிட்டால் அந்தத் தூரத்திலும் பயனில்லை.

மாட்டுப் பட்டி பக்கத்தில் இருக்கிறது. கன்றுக்கு வயிற்றோட்டம் வந்தால் பிள்ளைக்கும் வருமா?

வரலாம். கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் சில வாரக் கன்றுகளிடம் நிறைய இருக்கும், மனிதருக்கும் தொற்றும். அதன் கூடு 4 முதல் 6 மைக்ரோமீற்றர்தான், அமீபாச் சிஸ்டின் பாதியும் வராது. உள்ளே 4 குடம்பி போன்ற உயிரிகள். அவற்றின் மேற்பரப்பில் ஜீபி900 என்ற பெரிய புரதமும், ஒரே புரதம் இரண்டாக வெட்டுப்பட்டு வரும் ஜீபி40, ஜீபி15 என்ற இரண்டும் இருக்கின்றன. இவை வெல்லம் பூசியவை. குடற்கலத்தைப் பிடிக்க உதவுகின்றன. பிடித்ததும் கலத்தின் மென்சவ்வே எழும்பி உயிரியை மூடிக்கொள்ளும். கலத்துக்குள் இருக்கிறது, ஆனால் கலச்சாற்றுக்குள் இல்லை என்ற விசித்திரமான நிலை.

உடல்பலம் உள்ளவருக்கு இரண்டு வாரம் அளவில் தானாக அடங்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் ஊட்டம் குறைந்த குழந்தைக்கும் இது பொல்லாதது. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்தில் குழாய்நீர் வழியே 4 லட்சம் பேருக்கு மேல் நோய் வந்தது. அது சுத்திகரிக்கப்பட்ட, குளோரின் போட்ட தண்ணீர். பட்டியில் வேலை செய்துவிட்டு வந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கைக்குத் தடவும் அற்ககோல் திரவம் இதற்கு உதவாது.

வெறுங்காலோடு நடந்தால் புழு ஏறும் என்பது உண்மையா?

கொழுக்கிப்புழு ஏறும். வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் காலால் ஏறுவதில்லை, அவற்றின் முட்டை வாய் வழியாகத்தான் போகும்.

கொழுக்கிப்புழுவின் குடம்பிக்கு ஈரமும் நிழலும் உள்ள மணல் மிகவும் பிடிக்கும். அம்பாறைப் பக்கத்து வயல் வரம்பும், மரத்தடியில் வெளிக்குப் போகும் இடமும் அதற்குத் தோதானவை. தோலைத் தொட்டதும் தன் மேலுறையைக் கழற்றிவிட்டு நுழைகிறது. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அமீபா புரதத்தை மேற்பரப்பில் வைத்துக்கொண்டு பிடிக்கிறது. கொழுக்கிப்புழுவோ பெரும்பாலும் புரதத்தை வெளியே சுரந்து வேலை செய்கிறது. நுழையும்போது புரதங்களை வெட்டும் நொதியங்களும் ஏஎஸ்பி என்ற புரதங்களும். குடலுக்கு வந்து கடித்த பிறகு இரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்கள். நெக்காட்டர் இனப் புழு ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தைப் போக்கும். ஒன்றென்றால் அற்பம், நூறு சேர்ந்தால் கர்ப்பிணித் தாய்க்குச் சோகை. நம் நாட்டில் கர்ப்பகாலத்தின் முதல் மூன்று மாதம் கழிந்த பின் குடும்பநல மாது பூச்சிக் குளிசை தருவது இதற்காகத்தான்.

தோல் வழியாக ஏறுவதைக் கண்டுபிடித்தவர் கெய்ரோவில் வேலை செய்த ஆர்தர் லூஸ். 1898 அளவில் குடம்பிகள் இருந்த தண்ணீர் அவர் கையில் சிந்தியது, அரிப்பு எடுத்தது, பிறகு அவர் மலத்திலேயே முட்டை தெரிந்தது. இலங்கையில் கொழுக்கிப்புழுவுக்கு எதிரான வேலையை 1916இல் றொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவோடு தோட்டங்களில் தொடங்கினார்கள்.

கடற்கரை மணலில் இருந்து எழும்பிய பிறகு காலில் பாம்பு நெளிந்த மாதிரிச் சிவந்த கோடு ஒன்று நாளுக்கு நாள் நீண்டால், அது நாய்க் கொழுக்கிப்புழுவின் குடம்பி. மனிதனுக்குள் ஆழமாக இறங்க அதனால் அநேகமாக முடியாது, தோலுக்குள்ளேயே அலையும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தடுப்பூசி இல்லை?

மனிதரின் குடல் ஒட்டுண்ணி எதற்கும் அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. முயற்சிக்குக் குறைவில்லை. மிர்பூர்ப் பிள்ளைகளில், அமீபாவின் லெக்டினுக்கு எதிரான ஐஜீஏ வகைப் பிறபொருளெதிரி மலத்தில் இருந்தவர்களுக்குப் புதிய தொற்றுக் குறைவாக வந்தது. அதனால் லெக்டினின் ஒரு பகுதியையே தடுப்பூசியாக்கி விலங்குகளில் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. ஜியார்டியாவில் இன்னும் சாமர்த்தியமாக, எல்லா மேற்பரப்புப் புரதங்களையும் ஒரே நேரத்தில் வெளிக்காட்டும்படி மாற்றிய ஜியார்டியாவைக் கொண்டு 2010இல் கொறிணி விலங்குகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள்.

கொழுக்கிப்புழுவில்தான் பாடம் கடினமானது. மேலே சொன்ன ஏஎஸ்பி புரதங்களில் ஒன்றைக் கொண்டு செய்த ஏஎஸ்பி-2 தடுப்பூசியைப் பிரேசிலில், முன்பே புழுத்தொற்று இருந்த ஊர்க்காரருக்குப் போட்டபோது சிலருக்கு உடனே உடம்பெல்லாம் தடித்தது. அந்தப் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமைப் பிறபொருளெதிரி அவர்களிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. பரிசோதனை அதோடு நின்றது. எங்கள் மாதிரி ஊர்களுக்குத்தான் தடுப்பூசி தேவை. எங்கள் மாதிரி ஊர்க்காரரின் உடம்புதான் அந்தப் புரதத்தை முன்பே அறிந்தும் வைத்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சிக் குளிசை அமீபாவையும் கொல்லுமா?

கொல்லாது. மெபெண்டசோல் புழுக்களின் கலத்துக்குள் இருக்கும் டியூபியூலின் இழைகளைக் குழப்புகிறது. அமீபாவுக்கு அது வேலைசெய்யாது. அமீபாவுக்கு மெட்ரோனிடசோல். இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: அது குடற்சுவரிலும் ஈரலிலும் உள்ள அமீபாவைக் கொல்லும், குடலுக்குள் எஞ்சியிருக்கும் சிஸ்டுகளை முழுதாக ஒழிக்காது. அதற்காக வைத்தியர் டைலோக்சனைட் போன்ற இரண்டாவது மருந்தை எழுதலாம். முதல் மருந்தில் ஓட்டம் நின்றதும் இரண்டாவதை அலுமாரியில் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். பாமசியில் கேட்டு இரண்டு மெட்ரோனிடசோல் குளிசை வாங்கிப் போடுவதும் அப்படியே. இரண்டும் கூடாது.

வயிற்றோட்டம் எதனால் என்று தெரியும் வரை ஜீவனி (உப்பும் வெல்லமும் கலந்த நீரிழப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்கு முதல் ஆபத்து நீர் வற்றுவதுதான்.

மல மாதிரியை எப்படிக் கொண்டுவர வேண்டும்?

ஆய்வுகூடத்தில் தரும் மூடியுள்ள போத்தலில், ஒரு மாங்கொட்டை அளவெல்லாம் வேண்டாம், ஒரு தேக்கரண்டி போதும். சளியோ இரத்தமோ உள்ள பகுதியைப் பார்த்து எடுங்கள், அமீபா அங்கேதான் இருக்கும். சிறுநீரோ மலசலகூடத் தண்ணீரோ கலந்தால் இயங்கும் அமீபா செத்துவிடும். செத்த அமீபாவை அடையாளம் காண்பது பெரும் பாடு. தண்ணீராகப் போகும் மலம் என்றால் அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் கைக்கு வரவேண்டும். வவுணதீவு, கரடியனாறு போன்ற தூர இடத்திலிருந்து வருகிறவர்கள் வீட்டில் எடுத்துக்கொண்டு வராமல், ஆஸ்பத்திரிக்கு வந்து இங்கேயே எடுத்துத் தருவது நல்லது. ஒருநாள் மாதிரியில் ஒன்றும் தெரியாவிட்டால் வேறு நாட்களில் இன்னும் இரண்டு கேட்போம். சிஸ்டுகள் ஒவ்வொரு நாளும் வெளியே வருவதில்லை.